ஒரு கச்சானும் ஒரு மாரியும் கண்ட மரம்

எலெக்ட்ரிக் கிட்டார் கட்டுகிறேன் என்று சொன்னதும் வாசிக்கிற ஆட்கள் முதலில் கேட்பது உடலுக்கு என்ன மரம் போட்டீங்க என்றுதான். மகோகனியா, ஆல்டரா, நம்ம ஊர் மரத்தில் அந்தச் சத்தம் வருமா என்று. உடல் முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் உள்ளே வெற்றிடம் இல்லாமல் முழுக் கட்டையாக இருக்கிற கிட்டாரில் கம்பி, அதன் அதிர்வை மின்சாரமாக மாற்றுகிற பிக்கப், அந்தப் பிக்கப் கம்பிக்கு எவ்வளவு கிட்ட நிற்கிறது, கடைசியில் ஒலியைப் பெருக்குகிற ஆம்ப், இவைதான் சத்தத்தில் பெரிய பங்கு எடுக்கும். என்னிடம் கேட்பதென்றால் நெக்கைப் பற்றிக் கேளுங்கள், உடலில் இருந்து நீட்டி நிற்கிற கழுத்துப் பகுதியை. ஆறு கம்பியையும் சுருதிக்கு முறுக்கினால் சாதாரண செட் ஒன்றே ஏறத்தாழ 46 கிலோ இழுவையை அந்த மெலிந்த மரத்தின் மேல் போடும், இரவும் பகலும். நெக் ஒரு மில்லிமீற்றர் அதிகமாக வளைந்தாலே கை நோகும், அல்லது கம்பி, நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கட்டையான ஃப்ரெட்டில் உரசிக் கரகரக்கும்.

அதுவும் மட்டக்களப்பில். இங்கே மரத்துக்கு வருடத்தில் இரண்டு பரீட்சை. வைகாசி கடைசியில் இருந்து ஆவணி வரைக்கும் கச்சான், அதாவது தன் ஈரத்தை எல்லாம் மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் கொட்டிவிட்டு வெறும் சூடாக நம்மிடம் இறங்கி வருகிற காற்று. ஐப்பசி பிறந்தால் மாரி, தை வரைக்கும் கொடியில் போட்ட உடுப்பே காயாது. மரம் ஈரத்தை இழுத்தால் அகலத்தில் ஊதும், விட்டால் சுருங்கும், நீளப்பாட்டில் அநேகமாக மாறாது. நெக்கும் அதன் மேல் ஒட்டுகிற ஃப்ரெட் போர்டும் இரண்டு வேறு மரம், இரண்டும் ஒரே அளவு அசையாது, அதனால் ஒன்றை ஒன்று இழுத்து வளைக்கும். குளிர்நாட்டுத் தொழிற்சாலைகளில் மரத்தைச் சூளையில் வைத்து ஈரத்தை 8 வீதம் அளவுக்கு இறக்கி அப்படியே கட்டி அனுப்புகிறார்கள். அது இங்கே வந்து நம்ம காற்றில் 14 வீதம் வரைக்கும் ஈரம் ஏறும்போது சும்மா இருக்குமா? புதுக் கிட்டார் வாங்கி முதல் மாரியிலேயே "கம்பி உயர்ந்துபோச்சு அண்ணா" என்று கொண்டுவருகிற பிள்ளைகளைப் பார்க்கப் பாவமாக இருக்கும். அந்தக் கிட்டாரில் பிழை இல்லை, அது வேறு ஊர்க் காற்றுக்குப் பழகியது, அவ்வளவுதான்.

ஏறாவூரில் பழைய மரம் விற்கிற காக்கா ஒருவர் இருக்கிறார், இடித்த வீடுகளின் நிலை, கதவு, தீராந்தி எல்லாம் அவரிடம் வரும். நான் போனால் கிட்டாருக்கு என்று தெரிந்தே தேடி எடுத்து வைத்திருப்பார். "தம்பி, ஒரு கச்சானும் ஒரு மாரியும் காணாத மரத்தில உளி வைக்காதீங்க, மறுகா அது உங்களுக்கு வேலை வைக்கும்" என்பார். ஓடாவி வேலையில், அதாவது தச்சில், பிறந்து வளர்ந்த மனிதர், அவர் சொன்ன அந்த ஒன்றையே என் பட்டறையில் சட்டமாக வைத்திருக்கிறேன். ஐம்பது அறுபது வருடம் ஒரு கூரையின் கீழ் நின்ற தேக்குக் கதவுநிலையாக இருந்தாலும், வாங்கி வந்ததும் தேவைக்குக் கொஞ்சம் பெரிதாக அறுத்து, இடையில் குச்சிகள் வைத்து அடுக்கி, கல்லடியில் என் வீட்டுப் பின்பக்கத் தகரக் கொட்டிலில் ஒரு முழு வருடம் விட்டுவிடுவேன். முறுகித் திரும்புகிற மரம் அந்த வருடத்திலேயே திரும்பிக் காட்டிவிடும். திரும்பாததைச் சீவுளி போட்டு நேராக்கி இன்னும் சில கிழமை விட்டுப் பார்த்த பிறகுதான் நெக்.

நெக்குக்கு எனக்குத் தேக்குத்தான் பிடிக்கும், அசைவு குறைந்த மரம். துண்டின் தலைப்பக்கத்தைப் பார்த்தால் வளையக் கோடுகள் படுக்காமல் நிமிர்ந்து நிற்க வேண்டும், அப்படி அறுத்த பலகை கிடைக்காவிட்டால் மூன்று கீலமாக அறுத்து நடுவில் உள்ளதைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டலாம், ஒன்றின் இழுப்பை மற்றது பிடித்துக்கொள்ளும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, ஒட்டுவதற்குச் சற்று முன்னர் தின்னரால் நன்றாகத் துடைக்க வேண்டும். ஃப்ரெட் போர்டுக்கு முதிரை. கருங்காலி அழகுதான், ஆனால் அது பாதுகாக்கப்பட்ட மரம், அதற்காகப் பழைய கருங்காலிக் கதிரைகளை உடைக்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. முதிரை மஞ்சளாக, வெளிச்சத்தில் பட்டு மாதிரி மினுங்கும், கம்பி தேய்த்தாலும் லேசில் குழி விழாது. பாலை இன்னும் கடினம், ஆனால் வாளின் பல்லைத் தின்றுவிடும். உடலுக்கு மட்டும் முதிரை வேண்டாம், உடல் தனியே நாலு கிலோவுக்குக் கிட்ட வந்துவிடும், அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு கல்யாண வீடு முழுக்க யார் நிற்பது? உடலுக்குப் பலா, இல்லாவிட்டால் இங்கே நட்டு வளர்த்த மகோகனி. பலா அறுத்த நாளில் மஞ்சளாக இருக்கும், போகப்போகத் தவிட்டு நிறத்துக்கு இருளும். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் எத்தனையோ காலமாகப் பலாவைத்தானே எடுக்கிறார்கள்.

சரி, ஃப்ரெட்டுக்கு வருவோம், எனக்கு இந்த வேலையிலேயே அதிகம் பிடித்த இடம் இது. நெக்கின் தலைப்பக்கத்தில் கம்பி ஏறி நிற்கிற நட்டில் இருந்து உடலில் கம்பி உட்காருகிற பிரிட்ஜ் வரைக்கும் 648 மில்லிமீற்றர் வைக்கிறேன், 25.5 அங்குலம், ஃபெண்டர் கம்பனியின் அளவு. ஒவ்வொரு ஃப்ரெட்டுக்கும் மிச்சம் இருக்கிற கம்பி நீளத்தை 17.817ஆல் பிரித்தால் அடுத்த ஃப்ரெட் எங்கே என்று வரும். முதல் ஃப்ரெட் நட்டில் இருந்து 36.37 மில்லிமீற்றர், ஐந்தாவது 162.55, ஏழாவது 215.51, பன்னிரண்டாவது சரியாக நடுவில் 324. அந்த 17.817 எங்கிருந்து வந்தது என்றால், ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமமான படிகளாகப் பிரித்தால் ஒவ்வொரு படியிலும் அதிர்வு 1.05946 மடங்காகக் கூடும், அதில் இருந்து வந்தது. பழைய காலத்தில் 18ஆல் பிரித்தார்கள், கலிலியோவின் தகப்பன் வின்சென்சோ கலிலி 1581இல் வீணை மாதிரியான லூட் வாத்தியத்துக்கு 18க்கு 17 என்ற கணக்கை எழுதினார். காதுக்குக் கிட்டத்தட்டச் சரிதான், ஆனால் 648 நீளத்தில் அப்படிப் போட்டுப் பாருங்கள், பன்னிரண்டாவது ஃப்ரெட் 321.64இல் விழும், நடுவுக்கு 2 மில்லிமீற்றருக்கும் மேல் குறைவு.

கம்பி நீளமும் சுருதியும் கணக்கும் இந்த மண்ணுக்கு வெளியாள் இல்லை. நமக்குப் பக்கத்துக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் பழந்தமிழ் யாழின் சுருதிகளைக் கணக்குப் போட்டு ஆராய்ந்து எழுதிய யாழ் நூல் 1947இல் வெளிவந்தது. யாழில் ஃப்ரெட் கிடையாது, ஒரு நரம்புக்கு ஒரு சுரம். கிட்டாரில் ஒரே கம்பிக்குள் எல்லாச் சுரத்தையும் கோடு கிழித்து வைக்கிறோம். பட்டறையில் தனியே கோடு கிழிக்கும்போது அவர் ஞாபகம் எனக்கு அடிக்கடி வரும்.

கோடு கிழிக்கும்போது எல்லா அளவையும் நட்டில் இருந்தே எடுக்க வேண்டும். ஒரு ஃப்ரெட்டில் இருந்து அடுத்ததற்கு என்று தாவித் தாவி அளந்தால் சின்னச் சின்னப் பிசகெல்லாம் சேர்ந்து கடைசியில் ஒரு பெரிய பிசகாக நிற்கும். பென்சில் இங்கே உதவாது, பென்சில் கோட்டின் தடிப்பே அரை மில்லிமீற்றர். கூரான கத்தி முனையால் கீற வேண்டும். கீறிய கோட்டில் வாள் தானாக உட்காரும். வாள்தடம் 0.6 மில்லிமீற்றருக்கு மேல் போகக் கூடாது, போனால் ஃப்ரெட்டின் கீழ்ப்பல் பிடிக்காது, சின்ன வாளின் பற்களை எண்ணெய்க்கல்லில் இரண்டு பக்கமும் உரசி மெலிதாக்கினால் அந்தத் தடம் கிடைக்கும். முதிரையை வாள் வெட்டும்போது எழும்புகிற மஞ்சள் தூள் மூக்குக்கும் தோலுக்கும் ஆகாது, மாஸ்க் இல்லாமல் செய்யவே கூடாது. ஃப்ரெட்டை மரச்சுத்தியலால் முதலில் இரண்டு ஓரத்தையும் தட்டி, பிறகு நடுவைத் தட்டி இறக்குவேன். சத்தம் மாறும், டொக் டொக் என்றது டிக் என்று இறுகினால் உட்கார்ந்துவிட்டது.

பிக்கப்பும் வீட்டிலேதான் சுற்றுகிறேன். 42ஆம் நம்பர் எனாமல் செப்புக் கம்பி, தடிப்பு 0.063 மில்லிமீற்றர், தலைமயிர் அளவுதான். மோட்டர் கட்டுகிற கடைகளில் கிடைப்பதெல்லாம் இதைவிடத் தடிப்பு, இதைச் சீனாவில் இருந்துதான் எடுப்பிக்க வேண்டும். ஒரு ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு ஏழாயிரத்து ஐந்நூறு, எட்டாயிரம் சுற்று. பழைய தையல் மெஷின் மோட்டரைப் பலகையில் பூட்டி, கால் மிதியால் வேகத்தைக் கூட்டிக் குறைத்து, கம்பியை விரல் நுனியில் விட்டுக்கொண்டு இருப்பேன். சுற்றை எண்ணுவதற்கு ஒரு மலிவுக் கல்குலேட்டர் போதும்: சமன் பட்டனின் இரண்டு முனையிலும் ஒயர் ஒட்டி, காந்தம் கிட்ட வந்தால் மூடிக்கொள்கிற ஒரு ரீட் ஸ்விட்ச்சுக்குக் கொண்டுபோய், சுழல்கிற தட்டில் சின்னக் காந்தம் ஒன்றை ஒட்டினால், ஒன்றுடன் ஒன்று என்று ஒருதரம் அழுத்தி வைத்துவிட்டால் அதுவே ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று கூட்டும். முடிந்ததும் மீட்டரில் 6 கிலோ ஓமுக்குக் கிட்ட காட்ட வேண்டும். அப்புறம் மெழுகும் கொஞ்சம் தேன்மெழுகும் கலந்து, தண்ணீர்ச் சட்டிக்குள் வேறொரு பாத்திரம் வைத்து உருக்கி, பிக்கப்பை அதில் ஊற விடுவேன். நேரே அடுப்பில் மெழுகை வைக்காதீர்கள், பற்றிக்கொள்ளும். மெழுகு உள்ளே போகாவிட்டால் சுருள் தளர்ந்து நின்று, சத்தம் கூட்டும்போது கீச்சிடும்.

ஒற்றைச் சுருளுக்கு இரைச்சல் உண்டு, நம்ம கரண்டின் 50 ஹேர்ட்ஸ் அப்படியே அதில் கேட்கும். கிட்டார் செய்கிற கிப்சன் கம்பனியில் சேத் லவர் 1955இல் எதிரெதிராக இரண்டு சுருளை வைத்து அந்த இரைச்சலை வெட்டினார், ஹம்பக்கர் என்பது அதுதான். தேவாலயத்தில் வாசிக்கிறவர்களுக்கு நான் ஹம்பக்கரே போடச் சொல்வேன், டியூப் லைட்டும் நீளநீளமான ஒயரும் உள்ள மண்டபங்கள் அவை. இன்னொன்றையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கிட்டாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஆம்பின் எர்த்தோடு தொடுத்திருக்கும். மண்டபத்தில் எர்த் சரியில்லை என்றால் ஒரு கை கம்பியிலும் உதடு மைக்கிலும் படும்போது கரண்ட் அடிக்கும், உயிரே போகலாம். திருவிழா மேடையோ கல்யாண வீடோ, வாசிக்க முன்னர் ஒலிபெருக்கிக்காரரிடம் எர்த்தைக் கேட்டுப் பாருங்கள், வெட்கப்பட வேண்டாம்.

மேற்பூச்சுக்கு லக்கர் அடிப்பதை மாரியில் வைத்துக்கொள்ள வேண்டாம், ஈரக்காற்றில் வெள்ளை பூத்துவிடும். கச்சானில் அடித்தால் தூசி. மாசி, பங்குனிதான் அதற்கு நல்ல காலம்.

கையால் கட்டுவது ஏன் என்று கேட்கிறவர்களுக்கு 2022ஐ ஞாபகப்படுத்துவேன். டொலர் இல்லை, சாமான் இல்லை, பங்குனி கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டு. அந்த இருட்டிலும் சீவுளியும் உளியும் அரமும் வேலை செய்தன. குயீன் இசைக்குழுவின் பிரையன் மே 1963இல் தகப்பனோடு சேர்ந்து வீட்டில் கட்டத் தொடங்கிய கிட்டாரின் நெக் ஒரு பழைய கணப்படுப்பின் மேற்சட்ட மரம், அதில் புழு துளைத்த ஓட்டைகளைத் தீக்குச்சியால் அடைத்தார்கள், உள்ளே மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங். ஃபெண்டர் கம்பனியைத் தொடங்கிய லியோ ஃபெண்டர் ரேடியோ திருத்தியவர், அவருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது. 1950இல் அவர் விட்ட முதல் கிட்டார்களின் நெக்குக்குள் வளைவைத் திருத்துகிற ட்ரஸ் ரொட் இல்லை, வளைந்து வளைந்து வரவே பிறகு இரும்புக் கம்பியை உள்ளே வைத்தார்கள். ஆனால் நெக்கை நாலு ஸ்க்ரூவில் பூட்டிக் கழற்றலாம் என்று அவர் செய்தது எங்களைப் போல வீட்டில் கட்டுகிறவர்களுக்குப் பெரிய வரம். நம்ம ஊரிலும் மரவேலையும் வாத்தியமும் ஒரே வீட்டில் இருந்திருக்கின்றன, மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகளில் பகலில் தச்சும் இரும்பு வேலையும், விசேஷ இரவுகளில் வயலினும் காஃப்ரிங்கா ஆட்டமும் என்று.

கனடாவில் இருந்து வருகிற சொந்தக்காரர்கள் ஒன்றைக் கட்டித் தரச் சொல்லிக் கேட்பதுண்டு. கட்டிக் கொடுக்க ஆசைதான், ஆனால் அங்கே பனிக்காலத்தில் ஹீட்டர் போட்ட வீட்டுக்குள் காற்று நம்ம கச்சானை விடவும் காய்ந்தது. ஃப்ரெட் போர்ட் சுருங்க, சுருங்காத ஃப்ரெட்டின் முனைகள் ஓரத்தில் வெளியே நீட்டிக் கையைக் கீறும். பெட்டிக்குள் ஈரப்பை வைத்துப் பார்த்துக்கொள்ளத் தயார் என்கிறவர்களுக்கு மட்டும், முனைகளைக் கொஞ்சம் உள்ளே தள்ளி அராவிக் கட்டிக் கொடுக்கிறேன். மற்றபடி நான் கட்டுவது கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் வாழைச்சேனைக்கும் இடையில் வாசிக்கிறவர்களுக்கு. ஸ்க்ரூ எல்லாம் துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ், ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி என்று இருக்கிற ஊரில் வேறு எதைப் போட்டாலும் நிற்காது. வருடத்தில் இரண்டு தரம், கச்சான் தொடங்க ஒருதரம், மாரி தொடங்க ஒருதரம், கிட்டாரைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்து, ஏழாவது ஃப்ரெட்டில் கம்பிக்குக் கீழே கால் மில்லிமீற்றர் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்து ட்ரஸ் ரொட்டைக் கால் சுற்றோ அரைக்கால் சுற்றோ திருப்பிக் கொடுப்பேன். அதற்குக் காசு வாங்குவதில்லை.