எட்டிக்கு உறவு தேற்றா
எட்டி மரமும் தேற்றா மரமும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை என்று அறிந்தபோது எனக்கு வியப்பாகவே இருந்தது. 1753இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் பெயரிட்ட ஸ்ட்ரிக்னோஸ் என்னும் இப்பேரினத்தில் ஏறத்தாழ 200 இனங்கள் உள்ளன. ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா ஆகிய கண்டங்களின் வெப்பமண்டலப் பகுதிகளில் இவை மரங்களாகவும், பிற மரங்களைப் பற்றி உச்சிவரை ஏறும் வன்கொடிகளாகவும் வளர்கின்றன. இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் காணப்படும் எட்டியின் விதையில் ஸ்ட்ரிக்னின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. தென்னமெரிக்கக் காடுகளின் பழங்குடியினரோ, இதே பேரினக் கொடிகளின் பட்டையிலிருந்து குராரே என்னும் அம்பு நஞ்சைக் காய்ச்சினார்கள். முன்னது தசைகளை முறுக்கி இழுக்கும், பின்னது தளர்த்திச் செயலிழக்கச் செய்யும். உறவுக்குள்தான் எத்தனை முரண்! தேற்றா மரத்தின் விதையான தேற்றாங்கொட்டையையோ கலத்தின் உட்புறத்தில் தேய்த்தால், கலங்கிய நீரின் சேறு திரண்டு அடியில் படிந்துவிடுகிறது.