பிரிட்டனில் பிசியோதெரபிஸ்டாகப் பதிவு செய்த கதை

பிரிட்டனில் பிசியோதெரபிஸ்ட் என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளவே, அந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஹெச்சிபிசியின் பதிவு வேண்டும். சட்டம் அப்படி. அங்கேயே படித்தவர்களுக்குக் கவலையில்லை. அவர்களுடைய படிப்பை ஹெச்சிபிசி முன்கூட்டியே ஆராய்ந்து அங்கீகரித்திருக்கும். படித்து முடித்ததும் விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டில் பிபிடி என்ற பிசியோதெரபி பட்டப்படிப்பை முடித்த நானோ, நாலு வருடப் படிப்பையும் ஆறு மாத இன்டர்ன்ஷிப்பையும் தனி ஆளாக நிரூபிக்க வேண்டியிருந்தது.

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் மொத்தம் 7, எந்தப் பகுதியிலும் 6.5-க்குக் குறையக்கூடாது. அது பயிற்சியில் வந்துவிடும். என்னை அலையவிட்டது படிப்பு விவரப் படிவம்தான். ஒவ்வொரு பாடத்திலும் என்ன சொல்லிக்கொடுத்தார்கள், எந்த வார்டில் எத்தனை மணி நேரம் நோயாளிகளைப் பார்த்தோம் என்று கல்லூரியே நிரப்பி, முத்திரையோடு தர வேண்டும். மார்க் ஷீட்டில் பாடப் பெயரும் மார்க்கும்தான் இருக்கும். வார்டு கணக்குக்கு ஆபீசில் பதிவேடே இல்லை. நான் பத்திரமாக வைத்திருந்த லாக்புக்கைப் பார்த்துத்தான் துறைத் தலைவரான எச்ஓடி மேடம் பொறுமையாக உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். அவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். சிலபஸும் நம் பேட்ச் படித்ததாகவே இருக்க வேண்டும். அடுத்த பேட்ச்சுக்கு மாறியிருந்தால் அது உதவாது.

அப்புறம் ஹெச்சிபிசியின் மதிப்பீட்டாளர்கள் கூடுதல் விவரம் கேட்டார்கள். எலும்பு, தசை, நரம்பு சார்ந்த பகுதிகளில் கேள்வியே இல்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் நீயாகவே நோயாளியைப் பரிசோதித்து, சிகிச்சையை முடிவு செய்திருக்கிறாயா என்பதுதான் கேள்வி. நியாயமான கேள்வி என்றே நினைக்கிறேன். அங்கே பிசியோ தன் முடிவுக்குத் தானே பொறுப்பு. நம் ஊர் ஆஸ்பத்திரிகள் பலவற்றில் என்ன சிகிச்சை என்பது சீட்டிலேயே எழுதி வந்துவிடும். வேலை பார்த்த இடத்தில் நானே மதிப்பிட்டுத் திட்டமிட்ட கேஸ்களை, பெயர் விவரம் நீக்கி, விளக்கமாக எழுதி அனுப்பினேன். அதை ஏற்றுப் பதிவு கொடுத்தார்கள்.

இந்தியாவில் பிசியோதெரபியையும் சேர்த்து துணை மருத்துவப் படிப்புகளை ஒழுங்குபடுத்த, நாடு முழுமைக்குமான ஆணையச் சட்டம் 2021-இல்தான் வந்தது. அந்த ஆணையம் கட்டடம், லேப், ஆசிரியர் எண்ணிக்கை பார்ப்பதோடு நிற்காமல், ஒவ்வொரு மாணவரின் வார்டு நேரத்தையும் கல்லூரிகள் பதிந்து வைக்கின்றனவா என்று இன்ஸ்பெக்‌ஷனில் கட்டாயம் பார்க்க வேண்டும். இப்போது இன்டர்ன்ஷிப்பில் இருக்கும் தம்பி தங்கைகள் அதுவரை காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு போஸ்டிங் முடியும்போதும் லாக்புக்கில் மணிக்கணக்கு எழுதி, அங்கேயே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.