உப்புக் காற்றில் ஒரு ரிப்பீட்டர்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை, செல்போனில் சிக்னல் இல்லை. என்னிடம் 5 வாட் கைரேடியோ இருந்தது, ஹாம் உரிமமும், அதாவது ஆர்வத்துக்காக ரேடியோவில் பேசுபவர்களுக்கான அரசு உரிமமும், இருந்தது. பழைய வண்ணாரப்பேட்டையில் இருந்த ஒரு நண்பரோடு மட்டும் பேச முடிந்தது. எண்ணூரில் இருந்த இன்னொரு நண்பர் அன்று இரவு முழுக்க என்னைக் கூப்பிட்டிருக்கிறார். அது மூன்று நாள் கழித்து நேரில் பார்த்தபோதுதான் தெரிந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர்தான். ஆனால் இரண்டு பேருமே நான்கு பக்கமும் கட்டடங்கள் சூழத் தரையில் நின்று பேசினோம்.

வடசென்னைக்கு ஒரு ரிப்பீட்டர் வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் வந்தது. உயரமான இடத்தில் ஒரு ரேடியோவை வைத்துவிட்டால் அது கைரேடியோவின் மெல்லிய சிக்னலைக் கேட்டு, அதே நொடியில் வேறு அலைவரிசையில் பலமாகத் திருப்பி அனுப்பும். இரண்டு மீட்டர் அலைவரிசையில், அதாவது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸுக்குள், கேட்பதற்கும் அனுப்புவதற்கும் நடுவே 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி விடுவது வழக்கம். சொல்வதற்கு இவ்வளவுதான். செய்து முடிக்க எங்கள் சிறிய குழுவுக்கு இரண்டு மழைக்காலம் ஆனது.

முதலில் இடம். வடசென்னையில் மலை கிடையாது, மேடு கூடக் கிடையாது. கட்டட உயரத்தை நம்பித்தான் ஆக வேண்டும். மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் ரேடியோ தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வரும். 25 மீட்டர் உயரத்துக்கு 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கையில் ரேடியோவோடு நிற்பவர் பக்கம் ஒரு 5 கிலோமீட்டர். கணக்குப்படி மீஞ்சூர்ப் பக்கம் வரை எட்டும். நான்கு மாடிக் கட்டடம், மேலே தண்ணீர்த் தொட்டி, அதன் மேல் 20 அடி ஜி.ஐ. பைப் என்றால் அந்த உயரம் கிடைத்துவிடும்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் அப்படி ஒரு கட்டடம் இருந்தது. அதன் உரிமையாளர் வயதானவர். என் பேச்சைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இன்னா தம்பி, செல் டவர் வைக்கப் போறியா? கீழ் வீட்டுல கைக்குழந்தை இருக்கு" என்றார். அவர் பயத்தில் தப்பே இல்லை. செல் டவர் நாள் முழுக்க அனுப்பிக்கொண்டே இருக்கும், இது யாராவது பேசும்போது மட்டும்தான் அனுப்பும் என்றேன். 25 வாட்தான், அதுவும் ஆன்டெனா ஆள் நடமாட்டத்துக்கு வெகு மேலே இருக்கும் என்றேன். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. வர்தா இரவைப் பற்றிச் சொன்னபோதுதான் முகம் மாறியது. அவருடைய மகன் அன்று மணலியில் வேலைக்குப் போய் மறுநாள் மதியம்தான் வீடு திரும்பினாராம். "சரி, வெச்சுக்கோ. ஓட்டை போட்டா நீயே அடைச்சுக் குடுத்துடணும்" என்றார். முதல் மாடியில் படிக்கட்டை ஒட்டியிருந்த சாமான் அறையையும் கொடுத்தார். மொட்டை மாடியிலேயே கருவிகளை வைத்தால் கேபிள் குறையும் என்பது உண்மைதான். ஆனால் மே மாத வெயிலும் நவம்பர் ஒழுகலும் சேர்ந்தால் எந்தக் கருவியும் அங்கே நிம்மதியாக இருக்காது. அதனால் 30 மீட்டர் கேபிளை ஏற்றுக்கொண்டோம்.

ரிப்பீட்டருக்கான உரிமத்தைக் குழுவின் பெயரில் விண்ணப்பித்து வாங்கினோம். அதற்குச் சில மாதங்கள் பிடித்தன. அனுமதி கைக்கு வரும்வரை ஆன்டெனாவில் ஒரு வாட் கூட ஏற்றவில்லை, எல்லாச் சோதனையும் டம்மி லோடில்தான் (ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டுவது, பவரை வெளியே விடாமல் வெப்பமாக்கிவிடும்). புதிதாகத் தொடங்குபவர்களும் தயவுசெய்து அப்படியே செய்யுங்கள்.

கருவி என்று பார்த்தால், கார்களில் வைக்கும் பழைய மொபைல் ரேடியோ இரண்டு. ஒன்று கேட்க, ஒன்று அனுப்ப. நடுவில் ஒரு சின்ன கன்ட்ரோலர் போர்டு. யாராவது மூன்று நிமிடத்துக்கு மேல் பட்டனை விடாமல் பிடித்திருந்தால் அது அனுப்புவதை நிறுத்திவிடும். அவ்வப்போது மோர்ஸில் அழைப்புக்குறியை, அதாவது உரிமத்தோடு கிடைக்கும் அடையாளக் குறியை, ஒலிக்கும். மின்னணுச் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் மூன்று சனிக்கிழமை சுற்றியதில் இதற்கு வேண்டிய இணைப்பிகள், ரிலே, மின்விசிறி எல்லாம் கிடைத்தன. இந்தப் பகுதி சுலபமாக முடிந்தது.

சிரமம் டூப்ளெக்சரில்தான் ஆரம்பித்தது. ஒரே ஆன்டெனாவில் 25 வாட் வெளியே போகிறது. அதே ஆன்டெனா வழியாக அதே நொடியில் கால் மைக்ரோவோல்ட் சிக்னலைக் கேட்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள விகிதத்தை எழுதினால் 2-க்குப் பின்னால் 16 சைபர் வரும். பட்டாசு வெடிக்கிற இடத்தில் நின்றுகொண்டு பக்கத்து ஊரில் ஊசி விழுவதைக் கேட்கிற வேலை. இதைச் சாத்தியமாக்குவது டூப்ளெக்சர் என்ற வடிகட்டி. அனுப்பும் அலைவரிசை கேட்கும் ரேடியோவுக்குள் நுழையாமல் அது தடுக்கும். நாங்கள் முதலில் வாங்கியது புத்தகம் அளவிலான ஒரு சின்னப் பெட்டி. விலையும் மலிவு. ஆனால் அது நாலைந்து மெகாஹெர்ட்ஸ் இடைவெளிக்குச் செய்தது, 600 கிலோஹெர்ட்ஸுக்கு அது போதாது. எவ்வளவு திருகியும் பலன் இல்லை. கடைசியில் பெங்களூரில் ஒரு மூத்த ஹாமிடமிருந்து ஆறு பெரிய கேவிட்டிகள், அதாவது ஒரு அலைவரிசைக்கென்று ட்யூன் செய்யும் உலோக உருளைகள், வாங்கினோம். ஒவ்வொன்றும் குடம் கனம். உள்ளே வெப்பத்தில் அநேகமாக நீளாத இன்வார் கம்பி இருக்கிறதா என்று கேட்டுத்தான் வாங்கினோம், ஏனென்றால் அந்தச் சாமான் அறை வெயில் காலத்தில் அடுப்பு மாதிரி காயும்.

ட்யூன் செய்ய எங்களிடம் நானோ வி.என்.ஏ. என்ற சின்ன அளவுக்கருவி மட்டுமே இருந்தது. சிக்னல் எவ்வளவு தடுக்கப்படுகிறது என்பதை டெசிபெல்லில் சொல்வோம், ஒவ்வொரு 10 டெசிபெல்லுக்கும் பவர் பத்தில் ஒரு பங்காகும். அந்தக் கருவியின் பார்வை ஏறத்தாழ 70 டெசிபெல் ஆழம் வரைதான். எங்களுக்கு வேண்டியதோ 80, 90. அதனால் மூன்று மூன்று கேவிட்டியாக முழுதும் சேர்க்காமல், ஒவ்வொன்றையும் தனியாக ட்யூன் செய்து பிறகு கோத்தோம். அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு உட்கார்ந்து இரவு ஒன்பதுக்குத்தான் எழுந்தோம்.

இனி கேபிள். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே கேபிளுக்காகத்தான். ரேடியோவுக்குச் செலவழிக்க யோசிக்காத நாங்கள் கேபிளுக்கு யோசித்தோம். வீட்டில் இருந்த ஆர்.ஜி.58 என்ற மெல்லிய கேபிளையே முதலில் மாட்டினோம். அனுப்பும் பவரில் எவ்வளவு ஆன்டெனாவில் ஏறாமல் திரும்பி வருகிறது என்று காட்டுவது எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர், 1-க்கு அருகில் இருந்தால் நல்லது. கீழே அது அழகாக 1.3 காட்டியது. ஆனால் ரிப்பீட்டர் காசிமேட்டில்கூடச் சரியாகக் கேட்கவில்லை. எங்கள் குழுவில் ஒரு அண்ணன், ரயில்வே தொலைத்தொடர்பில் இருந்து ஓய்வு பெற்றவர், மேலே ஏறி ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு "இப்போ மீட்டரைப் பாருப்பா" என்றார். 1.7-க்கு மேல் போகவில்லை. மேலே ஆன்டெனாவே இல்லை, மீட்டரோ நலம் என்கிறது! 145 மெகாஹெர்ட்ஸில் அந்தக் கேபிள் 30 மீட்டருக்கு ஏறத்தாழ 6 டெசிபெல் விழுங்குகிறது. போகும்போது நான்கில் மூன்று பங்கு போய்விடுகிறது. மேலே மோதித் திரும்புவதிலும் நான்கில் மூன்று பங்கு போகிறது. திரும்பி வருவதைத்தானே மீட்டர் அளக்கிறது, அதற்கு மிகக் கொஞ்சம்தான் வந்து சேர்ந்தது. அதனால் எஸ்.டபிள்யூ.ஆரை ஆன்டெனாவின் காலடியிலேயே அளங்கள். கீழே அளந்து நிம்மதி அடையாதீர்கள்.

அடுத்து, இழப்புக் குறைந்த கேபிள் என்று தேடி, உள்ளே அலுமினிய ஃபாயிலும் அதன் மேல் முலாம் பூசிய செம்புப் பின்னலும் உள்ள ஒன்றை வாங்கினோம். சாதாரண ஹாம் நிலையத்துக்கு அது அருமையான கேபிள். இழப்பு உண்மையிலேயே குறைந்தது, தூரம் கூடியது. ஆனால் புதிதாக ஒரு கரகரப்பு சேர்ந்தது. தூரத்திலிருந்து வரும் மெல்லிய சிக்னல்களில் மட்டும், எண்ணெயில் கடுகு வெடிப்பது போல. பக்கத்தில் நின்று பேசினால் ஒன்றும் தெரியாது.

இரண்டு வாரம் ரேடியோவையும் டூப்ளெக்சரையும்தான் சந்தேகப்பட்டோம். பிறகு அந்த அண்ணன் சொன்ன ஒரு சோதனை வழி காட்டியது. டூப்ளெக்சரின் ஆன்டெனா முனையில் கேபிளைக் கழற்றிவிட்டு டம்மி லோடை மாட்டினோம். எதிர் வீட்டு வாசலில் ஒருவர் கைரேடியோவில் குறைந்த பவரில் பேசினார். சிக்னல் நூலிழை போல மெல்லிதாக வந்தது, ஆனால் சுத்தமாக இருந்தது. அப்படியானால் கோளாறு டூப்ளெக்சருக்கு மேலேதான். ஒரே கேபிளில் அனுப்புவதும் கேட்பதும் சேர்ந்து நடக்கும்போது, இரண்டு வேறு உலோகங்கள் உள்ளே உரசிக்கொண்டிருந்தால் அந்தத் தொடுகைகளில் இரைச்சல் பிறக்கும். அந்த இரைச்சல் நேராக நம் காதில்தான் விழும். ரிப்பீட்டருக்கு வெளிக் கடத்தி முழுவதும் ஒரே செம்புக் குழாயாக இருக்கும் அரை அங்குல கேபிள்தான் சரி. டவர்களிலிருந்து கழற்றிய நல்ல துண்டு ஒன்று பழைய சாமான் வியாபாரியிடம் 35 மீட்டர் கிடைத்தது. வளைத்தால் நசுங்கும், அதனால் நான்கு பேர் சேர்ந்து பெரிய வளையமாகத் தூக்கிக்கொண்டு படியேறினோம். இழப்பு ஒரு டெசிபெல்லுக்கும் கீழே வந்துவிட்டது.

கரகரப்பு முக்கால்வாசி போனது. மீதி இருந்ததைக் கவனித்தபோது அதற்கு ஒரு நேரம் இருந்தது. காலையில் இல்லை, இரவில் இல்லை. மதியம் ஒன்று, ஒன்றரைக்கு மேல்தான் வந்தது. கடற்கரைக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் எங்களுக்கு அந்த நேரம் என்னவென்று சொல்லத் தேவையில்லை, கடல் காற்று உள்ளே வரும் நேரம். ஒருவர் கீழே ரிப்பீட்டரை அனுப்ப வைத்துக்கொண்டு கேட்க, நான் மொட்டை மாடியில் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தேன். பைப், இழுகம்பி, பழைய டிவி ஆன்டெனாக் கம்பம், எதிலும் இல்லை. துணி காயப்போடும் கம்பியைத் தொட்டதும் கீழேயிருந்து "அதுதான், அதுதான்!" என்று சத்தம் வந்தது. கம்பியின் கொக்கி துருப்பிடித்த வளையத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. துருவேறிய தொடுகை டயோடு போல நடந்துகொள்ளும். பக்கத்தில் 25 வாட் பாயும்போது அது தானே ஒரு குட்டி டிரான்ஸ்மிட்டர் ஆகிவிடும். வீட்டம்மாவிடம் கேட்டுக் கம்பியைக் கழற்றிவிட்டு நைலான் கயிறு கட்டிக் கொடுத்தோம். அதோடு அந்தக் கரகரப்பு போனது.

காசிமேட்டுப் பக்கம் இரும்பை உப்புக் காற்று என்ன செய்யும் என்று படகு வைத்திருப்பவர்களைக் கேட்டால் தெரியும். முதல் ஆன்டெனாவில் அலுமினியக் குழாயோடு செம்புக் கம்பியை நேராக முடுக்கியிருந்தேன். மூன்றே மாதத்தில் அந்த இடம் வெள்ளைப் பொடியாகிவிட்டது. இப்போது இருப்பது ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஃபோல்டெட் டைபோல் (நீள்வளையமாக மடித்த ஆன்டெனா). இணைப்புகள் எல்லாம் ஒரு சின்னப் பெட்டிக்குள், சிலிக்கோன் பூசி, ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டு வைத்திருக்கிறோம். கனெக்டர்கள் 'N' வகை. ஒவ்வொன்றின் மேலும் முதலில் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், அதன் மேல் கருப்பு டேப். கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும், கூரை ஓடு மாதிரி மேல் சுற்று கீழ்ச் சுற்றை மூடும்படி. அறைக்குள் நுழையும் முன் கேபிளைச் சற்றுத் தாழ்த்தித் தொங்க விட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

மின்சாரத்துக்கு டிரான்ஸ்பார்மர் வைத்த பழைய பாணி சப்ளையும் 100 ஆம்பியர் ஹவர் பேட்டரியும். எங்கள் அளவு பேச்சுக்கு மின்சாரம் இல்லாமல் ஒரு நாள் தாங்கும். இடிதாங்கிக்கும் எர்த்துக்கும் தனிக்குழி வெட்டினோம். அதில் கஞ்சத்தனம் வேண்டாம், கீழே குடும்பங்கள் இருக்கின்றன.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு ஞாயிறு மாலை கைரேடியோவோடு பைக்கில் கிளம்பினேன். திருவொற்றியூரில் தேரடிப் பக்கம் சுத்தம். எர்ணாவூரில் மேம்பாலத்தின் அடியில் கொஞ்சம் தடுமாறியது, வெளியே வந்ததும் சரியானது. மணலியில் தொழிற்சாலைச் சுவர்களுக்கு நடுவே ஒரு தெருவில் மட்டும் முழுக்க மௌனம், இன்றுவரை அந்தத் தெரு அப்படித்தான் இருக்கிறது. எண்ணூர் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. வர்தா இரவில் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்த நண்பர் வாசலில் நின்றார். அவர் கையில் என் ரேடியோவைக் கொடுத்தேன். அவர் பட்டனை அழுத்தி அழைப்புக்குறியைச் சொன்னார். தண்டையார்பேட்டையில் அந்தச் சாமான் அறையில் உட்கார்ந்திருந்த ரயில்வே அண்ணன், "ஐந்து ஒன்பது, தம்பி. பக்கத்துல நின்னு பேசற மாதிரி இருக்கு. சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார்.