பழைய பிஸ்டலின் விலை எழுத்தின் ஓரத்தில் இருக்கிறது

பழைய செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல் வாங்க நினைக்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்ல ஆசை. விற்பவர் கேட்கும் விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஏலங்களில் அதே மாதிரி, அதே நிலையில் உள்ளது எவ்வளவுக்குக் கைமாறியது என்று பாருங்கள். அதுதான் உண்மையான விலை.

ஜெர்மன் ராணுவப் பிஸ்டலான லூகர் பி08 என்றால் நான் முதலில் தேடுவது எண்களைத்தான். ராணுவத்துக்காகச் செய்தவற்றில் வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைச் சின்னச் சின்னப் பாகங்களில்கூட அடித்திருப்பார்கள். எல்லாம் ஒத்துப்போனால் ஒரு விலை. ஒன்று மாறினாலும் மதிப்பு நன்றாகவே இறங்கும். ஆனால் இதே அளவுகோலை அமெரிக்க ராணுவப் பிஸ்டலான கோல்ட் 1911-க்குப் பிடிக்க முடியாது. அவற்றில் வரிசை எண் பொதுவாகப் பிஸ்டலின் உடல்சட்டத்தில் (frame) மட்டும்தான். பழுது பார்க்கும்போது பாகங்கள் கலந்துபோவதும் சகஜம்.

அப்புறம் மேல்பூச்சு. பளபளப்பைக் கண்டு மயங்கிவிடாதீர்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். முத்திரை எழுத்துகளின் ஓரம் மழுங்கி, திருகாணித் துளையைச் சுற்றி லேசாகக் குழி விழுந்திருந்தால் அதைத் தேய்த்து மறுபடி நீலப்பூச்சு (இரும்புக்குத் தரும் கருநீல மேல்பூச்சு) ஏற்றியிருக்கிறார்கள். சேகரிப்பவர்கள் அதற்குப் பாதி விலைகூடத் தர யோசிப்பார்கள். தேய்ந்திருந்தாலும் அசல் பூச்சையே நான் எடுப்பேன்.

குழலின் உட்புறத்தையும் பாருங்கள், துருக்குழி மறைந்திருக்கும் இடம் அது. உரிமம், பதிவு எல்லாம் முன்பே சரியாக இருக்கட்டும். லூகரோடு அதே எண் அடித்த மேகசினும் (தோட்டாக்கள் அடுக்கும் பெட்டி) வந்தால், சரி, கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.