வேட்பாளர்கள் சிரித்து மழுப்பும் கேள்வி

கனடாவின் ரொறன்ரோ நகரில், ஸ்காபரோவில் எங்கள் தெருமுனையில் இரண்டு ஆரம்பப் பள்ளிக்கூடங்கள், நடுவில் ஒரு கம்பி வேலி. இரண்டுமே ஒன்ராறியோ மாகாண அரசின் பணத்தில் நடப்பவை. ஒன்றில் எந்தப் பிள்ளையும் சேரலாம். மற்றது கத்தோலிக்கப் பள்ளி. சேர்க்கப் போனால் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பார்கள். எங்கள் பேஸ்மென்டில் குடியிருக்கும், இலங்கையின் மன்னாரிலிருந்து வந்த தம்பி அதை லமினேட் பண்ணியே வைத்திருக்கிறார். அவருடைய மகன் அந்தப் பக்கம், என் மகள் இந்தப் பக்கம்.

வந்த புதிதில் எனக்கு இது விளங்கவே இல்லை. மாகாணத் தேர்தலுக்கு வாக்குக் கேட்டு வந்த ஒருவரிடம், "ஒரு மதத்துக்கு மட்டும் ஏன் அரசாங்கக் காசு?" என்று கேட்டேன். அதுவரை வாடகை, வைத்தியசாலை, பஸ் என்று பொரிந்து தள்ளியவர், "நல்ல கேள்வி" என்று சிரித்துவிட்டுத் துண்டுப்பிரசுரத்தை நீட்டினார். பிறகு வந்த எதிர்க்கட்சிக்காரரிடமும் அதே சிரிப்புத்தான். மற்ற எல்லாவற்றுக்கும் அடிபடுகிறவர்கள், இதில் மட்டும் என்ன ஒற்றுமை!

காரணம் பழையது. கனடாவின் 1867ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 93ஆம் பிரிவு, அன்றைய சிறுபான்மையினரான கத்தோலிக்கரின் பள்ளிகளுக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. 1984இல் மாகாண முதல்வர் பில் டேவிஸ் அந்தப் பள்ளிகளின் உயர்நிலை வகுப்புகளுக்கும் முழு நிதி என்று அறிவித்தார். அடுத்த ஆண்டே அவருடைய கட்சி 42 ஆண்டு ஆட்சியை இழந்தது. 2007இல் அதே கட்சியின் தலைவர் ஜோன் டோரி, அப்படியானால் மற்ற மதப் பள்ளிகளுக்கும் கொடுப்போம் என்றார். தேர்தலிலும் தோற்றார், சொந்தத் தொகுதியிலும் தோற்றார். கூட்டவும் விடமாட்டார்கள், குறைக்கவும் விடமாட்டார்கள். 1999இல் ஐ.நா. மனித உரிமைக் குழு இதைப் பாகுபாடு என்றே சொன்னது. அதற்கும் ஒன்றும் அசையவில்லை.

இத்தனைக்கும் வழி இல்லாமல் இல்லை. கியூபெக், நியூபவுண்ட்லாந்து என்ற மற்ற இரண்டு மாகாணங்களும் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அரசியலமைப்பைத் திருத்தியே இந்தக் கட்டிலிருந்து வெளியே வந்தன. ஒன்ராறியோவில் கணக்கு வேறு. பள்ளியை இழக்கப் போகிறவர் அதற்காகவே வாக்கை மாற்றிப் போடுவார். என்னைப் போன்றவர் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு வாடகையையும் வைத்தியசாலையையும் பார்த்து வாக்களிப்பார். பிறகு எந்த வேட்பாளர் தேன்கூட்டில் கை வைப்பார்?

தம்பியிடம் ஒருநாள் வாயைக் கொடுத்தேன். "அண்ணை, ஊரில 1960இல எங்கட மிஷன் பள்ளிக்கூடங்கள அரசாங்கம் எடுத்தது. சனம் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே படுத்துக் கிடந்து மறிச்சது எண்டு அம்மம்மா சொல்லுவா. இஞ்சயும் குடுக்கச் சொல்லுறீங்களோ?" என்றார். அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் என் வரியில் நடக்கிற பள்ளியில் என் பிள்ளைக்கு இடமில்லை என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கியூபெக் செய்ததுதான் சரி என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அப்புறம் பேச்சு பனி வழிக்கும் முறை யாருடையது என்பதற்குப் போய்விட்டது. அதிலும் முடிவு வரவில்லை.