பந்து இல்லாத இடத்தில் ஆடுபவர்கள்

பிரான்ஸின் முன்கள வீரர் ஒலிவியே ஜிரூ நல்ல ஆட்டக்காரரா இல்லையா என்று நானும் என் நெடுநாள் நண்பர் ஒருவரும் 2018 கால்பந்து உலகக் கோப்பைக் காலத்திலிருந்து வாதிட்டு வருகிறோம். அந்தத் தொடரில் பிரான்ஸ் ஆடிய 7 ஆட்டங்களிலும் களம் கண்ட ஜிரூ ஒரு கோல்கூட அடிக்கவில்லை. கோல் அடிக்காதது மட்டுமல்ல, எதிரணி கோல்கீப்பர் கைநீட்டித் தடுக்கும்படியான ஓர் உதையைக்கூட அவர் அந்தத் தொடர் முழுவதிலும் உதைக்கவில்லை. ஆனாலும் பிரான்ஸ் கோப்பையை வென்றது. கோல் அடிப்பதற்கென்றே முன்னால் நிறுத்தப்பட்டவர் கோல் அடிக்கவில்லை என்றால், மற்றவர்களின் உழைப்பில் அவர் பதக்கம் வாங்கிக்கொண்டார் என்றுதானே ஆகிறது என்று நண்பர் கேட்டார். எனக்கு அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் சொல்வது தவறு என்று மட்டும் உள்ளூரத் தோன்றிக்கொண்டே இருந்தது.

அந்த ஆட்டங்களைப் பதிவில் மறுபடியும் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபடத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் பயிற்சியாளர் டெஷாம்ப்ஸ் ஜிரூவைத் தொடக்கத்தில் இறக்கவில்லை. வேகமான மூவரை முன்னால் வைத்து ஆடிய பிரான்ஸ் 2-1 என்று திணறித்தான் வென்றது. அடுத்த ஆட்டத்திலிருந்து இறுதிப் போட்டி வரை ஜிரூ தொடக்க அணியில் இருந்தார். அவர் கோலுக்கு முதுகைக் காட்டி நிற்பார்; உயரமாக வரும் பந்தை மார்பிலோ தலையிலோ வாங்கி, பின்னால் இருப்பவரின் காலில் வைப்பார்; இரண்டு தற்காப்பு வீரர்களைத் தன்மீதே சாய்ந்துகொண்டிருக்கும்படி கட்டிப்போடுவார். அப்படித் திறந்துகிடந்த இடத்தில் ஓடிய கிரீஸ்மானும் எம்பாப்பேயும் அந்தத் தொடரில் ஆளுக்கு 4 கோல்கள் அடித்தார்கள். இதே ஜிரூதான் 2022 உலகக் கோப்பையில் தியெரி ஹென்றியின் 51 கோல் சாதனையைக் கடந்து, தன் நாட்டுக்காக 57 கோல்கள் அடித்தபின் ஓய்வு பெற்றார். ஆகவே அவருக்குக் கோல் அடிக்கத் தெரியாது என்பதும் இல்லை. 2018இல் அவரிடம் கேட்கப்பட்ட வேலை வேறு, அவ்வளவுதான்.

ஒரு வீரரை மதிப்பிடும்போது அவரிடம் கேட்கப்பட்ட வேலை என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்ளாமல் பேசுவதே நம்முடைய பெரும்பாலான வாதங்களின் அடிப்படைக் குறை என்று நான் நினைக்கிறேன். கேமரா பந்தைத் துரத்துகிறது, நம் கண் கேமராவைத் துரத்துகிறது. பந்து இல்லாத இடத்தில் நடப்பது நமக்குத் தெரிவதே இல்லை. ஓர் ஆட்டத்தின் 90 நிமிடங்களில் ஒரு வீரரின் காலில் பந்து இருப்பது சில நிமிடங்களே. மீதி நேரமெல்லாம் அவர் என்ன செய்தார் என்று பார்க்காமலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

அதே 2018 உலகக் கோப்பையில், ஜப்பானுக்கு எதிராகப் பெல்ஜியம் கடைசி நேரத்தில் அடித்த கோலை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. இரண்டு கோல்கள் பின்தங்கியிருந்த பெல்ஜியம் சமன் செய்துவிட்டது. 90 நிமிடங்கள் முடிந்து, வீணான நேரத்துக்காகச் சேர்க்கப்பட்ட நிமிடங்களில் 4ஆவது நிமிடம். ஜப்பானின் கார்னரை கோல்கீப்பர் கோர்துவா பிடித்து, உடனே டி புருய்னேவிடம் உருட்டிவிடுகிறார். அவர் களத்தின் நடுவே பந்தோடு ஓடுகிறார். முன்னால் ஓடிக்கொண்டிருக்கும் லுகாகு சட்டென்று உள்பக்கமாகத் திரும்பி, தன்னைக் கவனித்த ஜப்பானிய வீரரையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விடுகிறார். அதனால் வலது ஓரம் வெறிச்சோடி, அங்கே ஓடிவந்த முனியேவுக்குப் பந்து போகிறது. முனியே தாழ்வாகப் பந்தைக் குறுக்கே தருகிறார். அது நேராக லுகாகுவின் காலுக்குத்தான் வருகிறது. எந்த முன்கள வீரரும் உதைத்துப் பார்க்கும் பந்து அது. லுகாகு அதைத் தொடாமல் கால்களுக்கிடையே போகவிடுகிறார், பின்னால் வந்த சாட்லி வலைக்குள் தள்ளுகிறார். கோல் சாட்லியின் பெயரில், கோலுக்கான பந்தைத் தந்த கணக்கு, அதாவது அசிஸ்ட், முனியேவின் பெயரில் பதிவாயின. ஒரே ஓட்டத்தில் இரண்டு முறை அந்தக் கோலுக்கு வழி திறந்த லுகாகுவின் பெயரில் எதுவும் எழுதப்படவில்லை, ஏனென்றால் அவர் பந்தைத் தொடவே இல்லை.

குடத்திலிட்ட விளக்கு என்று நாம் சொல்வதற்குக் கால்பந்தில் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் கிளாட் மக்கலேலே. ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கிளப்பில் ஜிடான், ஃபிகோ, ரவுல், பிரேசிலின் ரொனால்டோ என்று நட்சத்திரங்கள் நிறைந்திருந்தபோது, அவர்களுக்குப் பின்னால் நின்று பறிபோன பந்தையெல்லாம் மீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர். 2003இல் கூடுதல் ஊதியம் கேட்டார், கிடைக்கவில்லை, இங்கிலாந்தின் செல்சி கிளப்புக்குப் போனார். அவர் பந்தைப் பக்கத்திலும் பின்னாலும்தான் தருகிறார், அவர் போவதால் இழப்பில்லை என்ற பொருளில் கிளப்பின் தலைவர் பெரெஸ் வெளிப்படையாகவே பேசினார். 2003-04 பருவத்தில் மாட்ரிட் கடைசி 5 லீக் ஆட்டங்களையும் தோற்று 4ஆவது இடத்துக்கு இறங்கியது. அடுத்த லீக் பட்டத்துக்கு 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. செல்சியோ 2004-05 பருவத்தின் 38 ஆட்டங்களில் 15 கோல்களை மட்டுமே விட்டுக்கொடுத்துப் பட்டம் வென்றது.

இந்தக் கதையை ரசிகர்கள் சொல்லும்போது ஒரு பகுதியை விட்டுவிடுகிறார்கள் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். அதே 2003 கோடையில் மாட்ரிட்டை விட்டுப் பயிற்சியாளர் டெல் போஸ்கேவும் தற்காப்பின் தூணாக இருந்த இயேரோவும் வெளியேறினார்கள். செல்சியிலும் மக்கலேலேயின் பின்னால் டெர்ரியும், கோல் வாயிலில் பீட்டர் செக்கும் இருந்தார்கள். எல்லா வீழ்ச்சிக்கும் ஒருவர் போனதே காரணம் என்பதும், எல்லா வெற்றிக்கும் ஒருவர் வந்ததே காரணம் என்பதும், கோல் அடித்தவரை மட்டும் கொண்டாடுவதைப் போலவே நியாயமற்றது. ஒருவருக்கு உரிய மதிப்பைப் பெற்றுத்தரும் ஆர்வத்தில் பக்கத்தில் நின்றவருக்கு உரியதைப் பிடுங்கிவிடுகிறோம். பிரான்ஸின் நடுக்கள வீரர் எங்கோலோ கான்டேவின் விஷயத்திலும் இப்படித்தான் நடந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் லெஸ்டருக்கும் செல்சிக்கும் லீக் பட்டம் வென்று, 2017இல் சக வீரர்களின் வாக்கால் இங்கிலாந்தில் ஆடுபவர்களில் சிறந்த வீரராகி, 2018இல் உலகக் கோப்பையையும் தூக்கியவரை இன்னமும் குறைத்து மதிப்பிடப்பட்டவர்களின் பட்டியலில் முதலாவதாகச் சொல்பவர்கள் உண்டு. அவருக்குக் கிடைக்காத மதிப்பு இனி எது என்று எனக்குப் புரியவில்லை.

விருதுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டின் சிறந்த வீரருக்கான பாலன் டி ஓர் விருது 1956இல் தொடங்கியது. அதை வென்ற கோல்கீப்பர் 1963இல் லெவ் யாஷின் ஒருவர் மட்டுமே. ஆனால் கோல் அடிப்பவர்களுக்கு எப்போதும் நீதி கிடைக்கிறது என்றும் எண்ணிவிடக் கூடாது. 2010இல் இன்டர் மிலான் மூன்று கோப்பைகளை வென்றபோது, இத்தாலியக் கோப்பை இறுதியின் ஒரே கோலையும், லீக் பட்டத்தை உறுதிசெய்த கடைசி ஆட்டத்தின் ஒரே கோலையும், சாம்பியன்ஸ் லீக் இறுதியின் இரண்டு கோல்களையும் அடித்தவர் தியேகோ மிலிட்டோ. அந்த ஆண்டின் 23 பேர் கொண்ட பரிந்துரைப் பட்டியலில்கூட அவர் பெயர் இல்லை. அது உலகக் கோப்பை ஆண்டு. அங்கே அவர் அர்ஜென்டினாவுக்காக அதிகம் ஆடவில்லை. ஒரு மாதத் தொடர் ஓராண்டு உழைப்பை மறைத்துவிட்டது.

இவையெல்லாம் புகழ் கிடைக்காத கதைகள். பழி வந்து சேர்ந்த கதை இன்னும் கொடியது, அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. 1950 ஜூலை 16 அன்று மரக்கானா மைதானத்தில் உருகுவேயோடு சமன் செய்தாலே பிரேசிலுக்குக் கோப்பை. ஆட்டம் 1-0 என்று பிரேசில் பக்கம் இருந்தபோது, வலது ஓரத்தில் ஓடிய கிக்கியா பந்தைக் குறுக்கே தர, ஸ்கியாஃபினோ சமன் செய்தார். 79ஆவது நிமிடத்தில் கிக்கியா அதே ஓரத்தில் மீண்டும் ஓடிவந்தார். முன்பு போலவே பந்தைக் குறுக்கே தருவார் என்று கணித்த கோல்கீப்பர் மொஅசிர் பார்போசா ஓரடி முன்னெடுத்து வைத்தார். கிக்கியா அவருக்கும் அருகிலிருந்த கம்பத்துக்கும் இடையிலான இடைவெளியில் உதைத்துவிட்டார். பார்போசாவின் கணிப்பில் என்ன தவறு? சில நிமிடங்களுக்கு முன் கண்ணால் கண்டதை வைத்து எந்தக் கோல்கீப்பரும் எடுக்கக்கூடிய முடிவு அது. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பதுபோல, அதே ஓரத்தில் இரண்டாவது முறையும் கிக்கியாவை ஓடவிட்ட அணியின் குறை பின்னுக்குப் போய், அந்த ஓரடி மட்டும் நாட்டின் நினைவில் நின்றுவிட்டது. பிரேசிலில் ஒரு குற்றத்துக்கு அப்போதிருந்த உச்சத் தண்டனையே 30 ஆண்டுகள்தான், தானோ அதற்கும் மேலாக அனுபவித்துவிட்டதாக அவர் முதுமையில் வருந்திச் சொன்னார். 2000இல் இறந்தார்.

சென்ற மாதம் நானும் நண்பரும் பழைய ஆட்டமொன்றின் பதிவைச் சேர்ந்து பார்த்தோம். பந்து எங்கே போனாலும் ஜிரூவை மட்டுமே பார்ப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டோம். முதல் கால் மணி நேரம் கடினமாக இருந்தது, கண் தானாகவே பந்தின் பக்கம் ஓடியது. பிறகு பழகிவிட்டது. இடைவேளையின்போது நண்பர், அவர் முதுகில் யாராவது ஒருவர் கை வைக்காத நேரமே இல்லையே என்றார். கோல் அடிக்காத முன்கள வீரரை உயர்ந்த ஆட்டக்காரர் என்று அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. நானும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அடுத்த முறை ஒரு கோல்கீப்பரை முழு ஆட்டமும் பார்ப்பதென்று முடிவாகியிருக்கிறது. யாரைப் பார்ப்பது என்பதில் இப்போதே வாதம் தொடங்கிவிட்டது.