வெளியே வெறும் வெள்ளை

ஜனவரி 12
காலையில் விமானம் இறங்கப் போய், இறங்காமலே மறுபடி மேலே ஏறிவிட்டது. சன்னலுக்கு வெளியே பனியைத் தவிர ஒன்றுமில்லை. சக்கரம் இறங்கிய சத்தம் கேட்டு, இதோ தரை என்று காலை ஊன்றிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து எஞ்சின் உறுமியது. "ஓட்டத் தெரியாத ஆளு" என்றார் பக்கத்து இருக்கைக்காரர். நானும் மனசுக்குள் ஆமாம் போட்டேன். இரண்டாம் முறைதான் இறங்கினோம்.

ஜனவரி 13
தூக்கம் வரவில்லை, தேடிப் படித்தேன். ஐ.எல்.எஸ். என்பது தரையிலிருந்து வரும் ரேடியோ சமிக்ஞையைப் பிடித்து இறங்கும் முறை. அதன் வழக்கமான முதல் வகையில் தரைக்கு மேல் 200 அடி உயரம் வரைதான் கருவியை நம்பி வரலாம். அதற்குள் ஓடுபாதையோ விளக்குகளோ கண்ணில் படாவிட்டால் ஏறிவிட வேண்டும், அவ்வளவுதான். நேற்று அந்த விமானியைத் திட்டியிருக்கக் கூடாது.

ஜனவரி 15
இன்று ஒரு விபத்தைப் பற்றிப் படித்தேன். பசிபிக் தீவான குவாம், 1997 ஆகஸ்ட் 6. கொரியன் ஏர் 801 விமானம். நள்ளிரவு தாண்டிய நேரம், மழை. இறங்கும் சரிவைக் காட்டும் கிளைடு ஸ்லோப் அன்று இயங்கவில்லை. முன்பே அறிவித்தும் இருந்தார்கள். ஆனாலும் அது வேலை செய்கிறதா என்ற குழப்பம் விமானி அறையில் ஓடியிருக்கிறது. நிமிட்ஸ் மலையில் மோதி 228 பேர் இறந்தார்கள். ஏறிவிடலாம் என்று துணை விமானி சொல்லியிருக்கிறார், மோத சில நொடிகளே இருந்தபோது. அதற்கு மேல் படிக்காமல் மூடிவிட்டேன்.

ஜனவரி 20
இதே தேதி, 1992. இன்னொரு விபத்து. பிரான்சில் லியோனிலிருந்து ஸ்ட்ராஸ்பர்க் போன ஏர் இன்டர் 148 விமானம், ஏர்பஸ் ஏ320. இறக்கத்தை அமைக்கும் குமிழ் ஒன்றுதான். ஆனால் அதில் வைக்கும் எண் கோணமாகவும் இருக்கலாம், நிமிடத்துக்கு இத்தனை அடி என்பதாகவும் இருக்கலாம். 3.3 டிகிரி என்று நினைத்து வைத்தது நிமிடத்துக்கு 3,300 அடியாகிவிட்டது என்பதே விசாரணையில் வலுவாக நின்ற விளக்கம். வேண்டியதோ சுமார் 800 அடி. திரையில் கோணம் -3.3, அடிக்கணக்கோ கடைசி இரண்டு சுழியம் இல்லாமல் -33. ஒரு புள்ளி! இருட்டிலும் மேகத்திலும் வெளியே பார்த்துச் சந்தேகப்பட வழியில்லை. தரை நெருங்கினால் கத்தும் கருவியும் அதில் பொருத்தப்படவில்லை. மலையில் மோதி 87 பேர் போனார்கள், 9 பேர் பிழைத்தார்கள். மீட்புக் குழு அந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அப்புறம்தான் அந்தத் திரையில் அடிக்கணக்கை முழு நான்கு இலக்கமாகக் காட்டினார்கள்.

ஜனவரி 22
ஊர் திரும்ப வேண்டும். எட்டரை மணி விமானம், பத்தாகியும் கிளம்பவில்லை. பனிதான். கவுண்டரில் ஒருவர் கத்திக்கொண்டிருக்கிறார். சரி, சார்ஜ் போட இடம் கிடைத்தது. உட்கார்ந்துவிட்டேன்.